நனைந்தபடி மழையை அறிவிப்பவர்கள்

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன், எழுதியது மட்டும் இல்லை. இப்போது எழுத வைத்தது ரீவிச் செய்தி.

ஓய்வு பெற்ற பிறகு பின்னேரம் விளக்கு வைத்தால் ரீவிக்கு முன்னால் இருப்பதுதான் எனக்கு வேலை. நம்மூர் அலைவரிசை, கொழும்பு அலைவரிசை, தமிழ்நாட்டு அலைவரிசை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பேன். செய்தியாளர்கள் சொல்வதைக் கேட்டால் சில நேரம் சிரிப்பு வருகிறது, சில நேரம் எரிச்சல். மாரியில் ஒரு தம்பி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "கடும் மழை காரணமாக இங்கே வெள்ளம் காணப்படுகின்றது, வெள்ளம் காரணமாக வீதி நீரில் மூழ்கியுள்ளது" என்கிறார். நாங்கள் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? தேர்தல் இரவு முழுக்க ஒரு பிள்ளை யாழ் மத்திய கல்லூரி வாசலில் நின்று, "வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்ட பின்னரே முடிவுகள் தெரியவரும்" என்று மணிக்கொரு தரம் சொன்னா. நல்லூர்த் தேரன்று, "பக்தர்கள் பக்தியுடன் வழிபடுவதைக் காணக்கூடியதாக உள்ளது." பக்தர்கள் வேறெப்படி வழிபடுவார்கள்?

இதெல்லாம் போகட்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற ஒரு தாயிடம் மைக்கை நீட்டி, "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது அம்மா?" என்று ஒருவர் கேட்டார். நான் ரீவியை நிறுத்திவிட்டேன்.

இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லையா? யோசித்துப் பேசக்கூடாதா? "பெட்டியோட சண்டை பிடிக்காமல் சாப்பிட வாங்கோ" என்கிறா மனைவி. போதாக்குறைக்கு மகளின் மகன் உயர்தரம் முடித்துவிட்டு ஊடகக் கற்கை படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விடலாமா, வேண்டாமா? உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்


பதில்

அன்புள்ள கொக்குவில் வாசகருக்கு,

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெட்டி திருப்பிப் பதில் சொல்லாது, சோறும் ஆறிப்போகும். ஆனால் நீங்கள் பொறுக்கி அனுப்பிய நாலும் நல்ல உதாரணங்கள். நாலையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிட்டீர்கள் என்பதுதான் என் முறைப்பாடு. முதல் மூன்றும் அசட்டுத்தனம். நாலாவது வேறு ரகம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இது நம்மூருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இங்கிலாந்தில் 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டி இதழ், ஒலிபரப்பாளர்கள் நேரலையில் உளறியதைத் திரட்டிப் போடுவதற்கென்றே ஒரு பத்தி வைத்திருந்தது. பிபிசி விளையாட்டு வர்ணனையாளர் டேவிட் கோல்மனின் பெயரைத்தான் அந்தப் பத்திக்கு வைத்தார்கள். கோல்மன் உண்மையில் கெட்டிக்காரர், அந்த நாட்டின் மிகப் பெயர்பெற்ற வர்ணனையாளர்களில் ஒருவர். அவர் தலையில் கட்டிய உளறல்களிலே சில வேறு ஆட்கள் சொன்னவை என்றும் பிறகு தெரியவந்தது. மணிக்கணக்காக வாய் மூடாமல் பேசச் சொன்னால் யாருடைய வாயிலிருந்தும் இப்படி ஏதாவது வரத்தான் செய்யும். உங்களையும் என்னையும் ஒரு இரவு முழுக்க மத்திய கல்லூரி வாசலில் நிற்க வைத்துப் பார்க்கட்டும், அந்தப் பிள்ளையை விட மோசமாகத்தான் பேசுவோம்.

"யோசித்துப் பேசக்கூடாதா" என்று கேட்கிறீர்கள். யோசிக்க அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை. பேசுவதற்கு விஷயமும் கொடுப்பதில்லை. என் கோபம் மைக் பிடித்தவரில் பாதிதான். மீதிப் பாதி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களில்.

ஒரு நேரலை எப்படி நடக்கிறதென்று பாருங்கள். கொழும்பில் கலையகம், குளிரூட்டிய அறை. செய்தி வாசிப்பவர் கேட்கிறார்: "வணக்கம், யாழ்ப்பாணத்தில் தற்போதைய காலநிலை எவ்வாறு காணப்படுகின்றது?" இந்தக் கேள்வி நாவாந்துறையில் நிற்கிற தம்பியின் காதுக்குப் போய்ச்சேர இரண்டு மூன்று செக்கன் எடுக்கும். அதுவரை அவர் கமராவைப் பார்த்துச் சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு கை மைக்கைப் பிடித்திருக்கிறது, மற்றக் கை காதுக்குள் இருக்கிற கருவியை அமத்துகிறது. மழைத்துளி கண்ணிமையில் விழுகிறது, துடைக்க மூன்றாவது கை இல்லை. பின்னால் ஒரு ஐயா சாரத்தை மடித்துக் கட்டி, சைக்கிளைத் தண்ணீருக்குள்ளால் தள்ளிக்கொண்டு வருகிறார். கமராவைக் கண்டதும் நின்று ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறார். கேள்வி வந்து சேருகிறது. "ஆம், நிச்சயமாக! தற்போது இங்கு மழையுடன் கூடிய காலநிலை காணப்படுகின்றது..."

காலநிலை எப்படி என்று கேட்டால் அந்தத் தம்பி வேறென்னத்தைச் சொல்வார்? பதிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம், கேள்வி தப்பிவிடுகிறது. "நாவாந்துறையில் எத்தனை குடும்பம் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கப் போயிருக்கிறது, சமைத்த சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது, நேற்றையை விடத் தண்ணீர் கூடவா குறைவா?" என்று கலையகம் கேட்டிருந்தால் அவர் ஒன்றில் சரியாகச் சொல்லியிருப்பார், அல்லது அடுத்த நேரலைக்குள் ஓடிப்போய் விசாரித்திருப்பார். கொழும்புக்கு வெளியே வேலை செய்யும் செய்தியாளர்களில் கனபேருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் சொந்தம். காலமை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு கூட்டம், மத்தியானம் நீதிமன்றம், பின்னேரம் வெள்ளம். கிராம அலுவலரைத் தேடிப் பிடித்து நாலு கதை கேட்க அவருக்கு ஏது பொழுது?

இன்னொரு காரணம் கொஞ்சம் பழையது. நாங்கள் செய்தியைக் காதால் கேட்டு வளர்ந்த சனம். ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். யாழ்ப்பாணத்து வீடுகளில் ரீவி கால் ஊன்ற முதலே 1990இல் போரால் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றுபோனது. பற்றரி தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த கரண்டில் பிபிசி தமிழோசை கேட்ட கதையை உங்கள் வயதுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுற்றுகிறவனின் கை ஓய்ந்தால் லண்டனும் ஓய்ந்துவிடும். நல்லூர்த் தேரையும் வானொலியில் நேர்முக வர்ணனையாகக் கேட்டிருக்கிறோம். "இதோ, தேர் அசைகிறது" என்று வர்ணனையாளர் சொன்னால்தான் வீட்டில் படுத்திருக்கிற ஆச்சிக்குத் தேர் அசையும். அங்கே அந்த வசனம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. தேர் அசைவதைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டே அதே வசனத்தைச் சொன்னால் அசடு வழிகிறது. நம் ரீவிக்காரர்களில் பலர் படம் காட்டியபடி வானொலி நடத்துகிறார்கள்.

இதை விடப் பெரிய சிக்கல், செய்தி இல்லாத இடத்தில் கமராவை நடுவது. 2013 யூலை 22 அன்று லண்டன் சென் மேரிஸ் மருத்துவமனை வாசலில் உலக ஊடகம் எல்லாம் குவிந்து கிடந்தது. இளவரசர் வில்லியமுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. உள்ளே நடப்பது வெளியே நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. பிபிசியின் சைமன் மக்கோய் நேரலையில் முகம் சுளிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்: இங்கிருந்து இன்னும் நிறைய வரும், அதில் எதுவும் செய்தியாக இராது, செய்தி வரப்போவது பக்கிங்ஹாம் மாளிகையிலிருந்து, அதற்காக நாங்கள் நிறுத்திவிடப்போவதில்லை என்கிற மாதிரி. அசட்டு நேரலைகளின் வரலாற்றில் எனக்குப் பிடித்த மனிதர் இவர்தான்.

அதே வாசல் காவல் சென்னையில் நடந்ததை நாங்கள் இங்கேயிருந்து பார்த்தோம். 2016 செப்ரெம்பர் 22இல் ஜெயலலிதா அப்பலோவில் அனுமதிக்கப்பட்டார். டிசம்பர் 5 வரை 75 நாள். அத்தனை நாளும் வாசலில் மைக்குகள். உள்ளே என்ன நடக்கிறதென்று மருத்துவமனை அறிக்கையில் வந்த வரிகளைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் மணிக்கு மணி நிருபர் தோன்றி, "மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள்" என்று சொல்லவேண்டும். சரி, அதுவரை தொல்லை இல்லை. டிசம்பர் 5 பின்னேரம் என்ன நடந்தது? அவர் உயிரோடு இருக்கும்போதே சில தமிழ் அலைவரிசைகள் இறந்துவிட்டார் என்று அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏறியது. உயிர் பிரிந்தது இரவு பதினொன்றரைக்கு என்ற அறிவித்தல் நடுச்சாமம் தாண்டித்தான் வந்தது. 75 நாள் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது போலத் தோன்றிய கணத்தில் பொறுமை போய்விட்டது. தெரிந்ததையே திருப்பித் திருப்பிச் சொல்லும் நிருபரைப் பார்த்துச் சிரிக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அவரை உந்துவதும் அதே வெற்று நேரம்தான்.

1930 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. அன்று மாலை பிபிசி வானொலியில் அறிவிப்பாளர் செய்தி ஏதும் இல்லை என்று அறிவித்தார், மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். இன்றைக்கு ஒரு அலைவரிசை இப்படிச் செய்தால் விளம்பரப் பிரிவுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவார். இருபத்துநாலு மணி நேரச் செய்தி என்ற ஏற்பாட்டை 1980இல் சிஎன்என் தொடங்கியது. அன்றிலிருந்து செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் நிரம்பவேண்டும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. 2006 மே மாதம் பிபிசி அலுவலகத்துக்கு வேலை நேர்முகத்துக்காக வந்து உட்கார்ந்திருந்த கய் கோமா என்பவரைத் தொழில்நுட்ப நிபுணர் என்று மாறி நினைத்து நேரலையில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். அப்பிள் கம்பனி வழக்கைப் பற்றிக் கேள்வி. மனிதர் முகத்தில் ஒரு கணம் திகைப்பு, பிறகு சமாளித்துக்கொண்டு, சனம் இனி இணையத்திலிருந்து நிறைய இறக்கிக்கொள்ளும் என்ற பாணியில் ஏதோ சொன்னார். பேட்டி நல்லபடியாக முடிந்தது! நிபுணர்கள் வழமையாகச் சொல்வதும் அவ்வளவுதான் என்றபடியால் பார்த்தவர்களில் பலருக்கு உடனே வித்தியாசம் தெரிந்திராது.

சரி, உங்கள் வெள்ளத்துக்கு வருவோம். எனக்கும் பொறுக்காத இடம் அதுதான்.

தண்ணீரில் நின்றால்தான் வெள்ளச் செய்தி என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ தெரியாது. அமெரிக்காவில் 2005 ஒக்ரோபரில் என்பிசி காலை நிகழ்ச்சிக்காக ஒரு நிருபர் நியூ ஜேர்சியில் வெள்ளம் நிறைந்த தெருவில் சிறு தோணியில் இருந்து துடுப்பு வலித்தபடி நேரலை கொடுத்தார். கமராவுக்கு முன்னால் இரண்டு பேர் குறுக்கே நடந்து போனார்கள். தண்ணீர் கணுக்கால் வரை. 2018இல் புளோரன்ஸ் சூறாவளியின்போது வெதர் சனல் நிருபர் காற்றில் சாய்ந்து, காலை அகட்டி, விழாமல் நிற்கப் போராடிக்கொண்டிருக்க, பின்னால் இரண்டு பேர் கடைக்குப் போகிற மாதிரிச் சாவகாசமாக நடந்து போனார்கள். அவர் நின்றது ஈரப் புல்லில், களைத்துப்போயும் இருந்தார் என்று அலைவரிசை விளக்கம் சொன்னது. இருக்கலாம். பார்த்தவர்கள் சிரித்தது சிரித்ததுதான்.

ஆனால் புயலில் போய் நின்ற எல்லோரும் கோமாளிகள் இல்லை. 1961 செப்ரெம்பரில் கார்லா என்ற சூறாவளி ரெக்சஸ் கரையை நோக்கி வந்தபோது, ஹூஸ்டன் அலைவரிசை ஒன்றின் இளம் செய்தியாளர் டான் ராதர் கல்வெஸ்டனில் இருந்த வானிலை அலுவலகத்துக்குக் கமராவைக் கொண்டுபோனார். ராடர் திரையில் வெள்ளை வெள்ளையாக ஒரு சுருள். சாதாரண சனத்துக்கு அது விளங்காது. கரையோர வரைபடத்தை ஒளி ஊடுபுகும் தாளில் வரைந்து ராடர் திரைமேல் வைத்துக் காட்டினார்கள். அவ்வளவுதான். புயல் எவ்வளவு பெரிது, தங்கள் ஊர் அதற்குள் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருந்தவர்களுக்குக் கண்ணால் தெரிந்தது. இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். ரீவியில் ராடர் படம் காட்டப்பட்டது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். அவர் காட்டியது யாருடைய சன்னலுக்கு வெளியிலும் தெரியாத ஒன்று.

நம்மூர் வெள்ளத்திலும் சன்னலுக்கு வெளியே தெரியாதவை எவ்வளவோ கிடக்கின்றன. 2024 நவம்பர் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். பிறகு ஃபெங்கல் புயலாக மாறிய அந்தத் தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக ஊர்ந்து போனபோது யாழ் மாவட்டம் மிதந்தது. உயர்தரப் பரீட்சை தொடங்கியிருந்த வாரம் அது. நாளைக்குப் பரீட்சை உண்டா, பிள்ளையை எந்த றோட்டால் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் வீடு வீடாக இருந்த கேள்வி. பிறகுதான் பரீட்சையை இடைநிறுத்தினார்கள். அந்த நேரத்தில் "வீதி நீரில் மூழ்கியுள்ளது" என்பதை விட, எந்த வீதி, எந்தச் சந்திக்கு அங்கால் பஸ் ஓடுகிறது என்ற ஒரு வரி எவ்வளவு பெறுமதி!

அதற்கும் மேலே போகலாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. மற்றப்படி பெய்த மழையைக் குளங்களும் வயல்களும் வாங்கி, வாய்க்கால் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தி, மிச்சத்தைக் கடலுக்கு விடுவதுதான் பழைய ஒழுங்கு. நகரத்துக்குள்ளேயே எத்தனை குளம் இருந்தது, எத்தனை தூர்ந்துபோனது, எந்த வாய்க்காலுக்கு மேல் கடை நிற்கிறது, எந்தப் பள்ளக் காணியை நிரப்பி மதில் கட்டினார்கள் என்று அந்தந்தத் தெருக்காரருக்குத் தெரியும். தொண்டைமானாறு தடுப்பணையின் கதவுகளைத் திறந்தாயிற்றா, திறந்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் வடியும் என்பதும் கேட்டால் சொல்லக்கூடிய விஷயம்தான். பிளாஸ்ரிக் போத்தலும் பொலித்தீனும் அடைத்துக் கிடக்கும் ஒரு மதகின் வாயைக் கமரா கிட்டப் போய்க் காட்டினால் அது செய்தி. நம் நிருபர் அந்த மதகுக்கு மேலேயே நின்றுகொண்டு வெள்ளம் காணப்படுகின்றது என்று சொல்கிறார். எனக்கு வருகிற எரிச்சல் இங்கேதான். சொன்னது பிழை என்று இல்லை, காலடியில் கிடந்ததை விட்டுவிட்டாரே என்று.

தேர்தல் இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணி முடித்தால்தான் முடிவு தெரியும், உண்மைதான். ஆனால் 2024 செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அதைச் சொல்லிக்கொண்டே ஒரு அருமையான வாய்ப்பை விட்டார்கள். 1982இலிருந்து நடந்த எட்டுத் தேர்தலிலும் யாரோ ஒருவர் பாதிக்கு மேல் எடுத்து வென்றுவிட்டார். முதன்முறையாக ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை, முன்னணியில் நின்ற அநுர குமார திசாநாயக்கவுக்கும் 42.31 வீதம்தான். முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் விலக்கி, அவர்களுக்கு விழுந்த வாக்குச்சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் தெரிவு அந்த இருவரில் யாருக்குப் போயிருக்கிறது என்று எண்ணவேண்டி வந்தது. சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்த ஏற்பாடு, சனத்துக்குப் புதினம். ஒரு வெள்ளைத் தாளில் 1, 2, 3 என்று போட்டுக் காட்டி விளக்குவதற்கு மணிக்கணக்கில் நேரம் இருந்தது. சில இடங்களில் விளக்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல இடங்களில் "எண்ணும் பணி தொடர்கிறது" என்பதோடு சரி.

நல்லூர் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கொக்குவிலில் இருக்கிற உங்களுக்கு நல்லூர் எட்டி நடக்கிற தூரம். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கிறவருக்கு அப்படியா? தேரன்று காலமை இங்கே ஏழு மணி என்றால் கனடாவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. வேலையால் வந்து, தலை முழுகி, கைப்பேசியைச் சாமியறைக்கு முன்னால் சாத்தி வைத்துக்கொண்டு குடும்பமாக இருந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு "வீதி முழுக்கச் சனம், மணல் தெரியவில்லை, வெயில் ஏறுகிறது" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் என்ன வாகனம், எந்த வீதியில் நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவர்களுக்கு ஒரு திருப்தி. தெரிந்ததைத் திரும்பச் சொல்வது அங்கே குற்றம் இல்லை. பக்தர்கள் பக்தியுடன் என்பதை மட்டும் நானும் மன்னிக்கமாட்டேன். அதற்குப் பதில் பச்சை சாத்தின கோலத்தில் முருகன் எப்போது வருவார் என்று சொன்னால் சூரிச்சில் இருக்கிறவர் இன்னும் கொஞ்ச நேரம் நித்திரை முழித்திருப்பார்.

இனி அந்தத் தாய்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20இல். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக இருக்கிறார்கள். பிள்ளையைக் காணாமலேயே செத்துப்போன தாய் தகப்பன்மார் பலர். அவர்களிடம் "மனநிலை எப்படி" என்று கேட்கிறவர் செய்தி கேட்கவில்லை, கண்ணீர் கேட்கிறார். அழுகிற முகம் கிட்டத்தில் வந்தால் கலையகத்துக்குப் போதும், இருபது செக்கன் துண்டு தயார். அந்த அம்மாவுக்கும் இது தெரியும். மைக்கைக் கண்டதும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்து, முந்தானையைச் சரிசெய்துவிட்டு, மனப்பாடமான வசனங்களைச் சொல்லத் தொடங்குகிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அப்படிப் பழக்கியது நாங்கள்.

வேறு கேள்வி இல்லாமலா? எந்த ஆணைக்குழுவுக்கு முன்னால் போனீர்கள், என்ன கேட்டார்கள், எழுதி எடுத்த கடதாசிக்குப் பதில் வந்ததா, வந்திருந்தால் காட்டுவீர்களா அம்மா? எல்லாம் ஆளைப் பார்த்து, பக்கத்தில் குந்தியிருந்து கேட்கவேண்டிய கேள்விகள். அவர்களிடம் கோப்பு இருக்கிறது, பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள். தேதி, கையொப்பம், முத்திரை எல்லாம் அதில் இருக்கும். அழுகையை விட அரசாங்கத்துக்குப் பதில் சொல்லக் கஷ்டமானது அந்தக் கடதாசிதான்.

இதிலே இன்னொன்றும் சொல்லவேண்டும். வருடா வருடம் பெப்ரவரி 20 அன்று "இன்னும் தீர்வு கிடைக்கவில்லை" என்று நிருபர் சொன்னால் தயவுசெய்து அதை உங்கள் அசட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் விடுகிற வருடம் வந்தால் அன்றைக்குத்தான் நாங்கள் பயப்படவேண்டும். மழை நாளைக்கு விட்டுவிடும், இது அப்படி விடாது.

பேரன் விஷயம். விடுங்கள், படிக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது, பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருப்பான். நல்ல நிருபர்கள் இல்லாத ஊருக்கு என்ன நடக்கும் என்று இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்லவர்களாக இருந்ததற்காகவே உயிரைக் கொடுத்தவர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். ஒரு கைப்பேசியும் "வணக்கம் உறவுகளே"யும் இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்று சொன்னால் மட்டும் மறியுங்கள். அந்தப் பக்கம் போனால் ரீவிக்காரர் எல்லாம் மேதைகளாகத் தெரிவார்கள்.

அதுவரை அவனுக்கு வீட்டில் ஒரு வேலை கொடுக்கலாம். செய்தி போகும்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் தெரிகிற எதையும் எழுதாமல், தெரியாத மூன்று விஷயத்தை மட்டும் கேள்வியாக எழுதட்டும். இடம், காரணம், பொறுப்பானவர் யார், அடுத்தது என்ன, எதுவானாலும் சரி. பிறகு அந்த மூன்றில் ஒன்றுக்காவது ரெலிபோன் எடுத்து விடை பிடிக்கவேண்டும். முதல் கிழமை முறைப்பான், பழகிவிட்டால் விடமாட்டான். சத்தம் இல்லாதபடியால் நீங்களும் நிம்மதியாக இருந்து சாப்பிடலாம்.

அடுத்த மாரியில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் அவனை அனுப்பி, வாய்க்கால் எங்கே போய் முட்டுகிறது என்று நடந்து பார்த்துவரச் சொல்லுங்கள். பிரதேச சபைக்கு யாராவது அறிவித்தார்களா, எப்போது அறிவித்தார்கள் என்றும் கேட்டு எழுதட்டும். இரண்டு படத்தோடு எனக்கு அனுப்பினால் இந்தத் தளத்தில் அவன் பெயரிலேயே போடுகிறேன். முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்த படம் மட்டும் வேண்டாம்.

அன்புடன்